காஸ் சிலிண்டரும் உன் பெருவிரலும்

என் பிள்ளைக்கு,

நீ காஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போன நாளிலிருந்து உன்னோடு ஒரு சண்டை பிடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். சண்டைக்கும் உடம்பில் தெம்பு வேண்டும் அல்லவா. காலையில் எழும்பி முகம் கழுவி வந்து கதிரையில் இருந்தால், ஒரு நாள் வேலையைச் செய்து முடித்தது போல அலுப்பு வருகிறது. போனில் சொல்லலாம்தான். நீ "ஓமம்மா, ஓமம்மா" என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பாய். கடிதத்துக்கு அப்படி ஓம் போட முடியாது. பேனையைச் சுற்றித் துணி கட்டி வைத்திருக்கிறேன், அப்போதுதான் விரல்களுக்குள் ஏதோ ஒன்று இருக்கிறது என்று விளங்குகிறது. புதுக்கடையில் லோயரின் கந்தோரில் இருந்து காணி உறுதிகளைக் கண்ணை மூடிக்கொண்டு டைப் அடித்த விரல்கள் இவை. இப்போது கண்ணால் பார்த்தால்தான் பேனை கையில் இருப்பது நிச்சயம். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இன்று கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம் என்றுதான் எழுதுவேன்.

நடந்தது உனக்கும் தெரியும், ஆனாலும் என் பக்கத்தில் நின்று பார். சொதிச் சட்டியை இறக்கும்போது பிடிதுணி நழுவியது எனக்குத் தெரியவில்லை. கருகல் மணம் வந்தது. கறிவேப்பிலைதான் கருகுகிறது என்று நினைத்து அடுப்பைத் திரும்பிப் பார்த்தேன். அடுப்பு அணைந்திருந்தது. கருகியவை என் விரல்கள். சட்டியை வைத்துவிட்டுத் தண்ணீரில் கையை நீட்டியபோதும் நோவு இல்லை, பயம்தான் இருந்தது. மற்ற நாள் நீ வந்து கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாய். சத்தம் போடவில்லை. நீ சத்தம் போடாவிட்டால்தான் எனக்குப் பயம், அது உன் அப்பாவின் குணம்.

"இனிச் சமைக்க வேண்டாம் அம்மா. கடையில சாப்பாட்டுக் கேரியருக்குச் சொல்லிப்போட்டன். மத்தியானமும் இரவும் கொண்டு வந்து தருவினம்."

"அப்ப தேத்தண்ணிக்கு என்ன செய்யிறது?"

"கரண்ட் கேத்தில் இருக்குத்தானே."

எல்லாவற்றுக்கும் உன்னிடம் மறுமொழி இருந்தது. சிலிண்டரைக் கழற்றித் தோளில் வைத்தாய். லிப்ட் வேலை செய்யாத நாள், படியால்தான் இறங்கினாய். பாரம் கூடிய இடங்களில் கீழே வைத்து வைத்துத் தூக்கிய சத்தம் மேலே கேட்டது. ரெகுலேட்டரை விட்டுவிட்டுப் போனாயே என்று அதை எடுத்துக்கொண்டு நானும் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். சண்டையில் தோற்ற ஆள் ஆயுதத்தையும் கொண்டுபோய்க் கொடுக்கிற கதை. இரண்டாவது வளைவில் ஒரு சிவப்புப் பொட்டு. அடுத்த வளைவில் இன்னொன்று, கொஞ்சம் பெரிதாய். கீழே வாசலில் செக்யூரிட்டி என்னைக் கண்டு எழும்பி, "நோனா, மாத்தயாகே ககுலே லே" என்றான். ஐயாவின் காலில் இரத்தம் என்று அவன் சொல்லி முடிக்கிறதற்குள் உன் கார் காலி வீதிக்குத் திரும்பிவிட்டது.

நான் அங்கே நின்றபடியே உனக்குப் போன் பண்ணினேன்.

"தம்பி, கால்ல ஏதும் பட்டதோ?"

"இல்லையே. ஏனம்மா?"

"ஓரமா நிப்பாட்டிப்போட்டு ஒருக்காக் குனிஞ்சு பார், ராசா."

கார்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "ஓம், பெருவிரல் கொஞ்சம் கிழிஞ்சிருக்கு. சின்னக் காயம்" என்றாய்.

"நோகேல்லையோ?"

"நோகுது, நோகுது."

இரண்டு தரம் சொன்னாய். நொந்தவன் ஒரு தரம் சொல்வான், அதுவும் கேட்க முதலே சொல்வான். சிலிண்டரின் அடி இரும்பு விரலைக் கிழித்திருக்கிறது, அதோடு நீ படி இறங்கி, காரில் ஏறி, பிரேக்கையும் மிதித்திருக்கிறாய். நான் மேலே போய்ப் பழைய துவாயை நனைத்துக்கொண்டு வந்து ஒவ்வொரு வளைவிலும் துடைத்தேன். குனிந்து நிமிர எனக்கு வெகுநேரம் எடுத்தது. துடைத்து முடித்து வீட்டுக்குள் வந்து கதவைப் பூட்டிய பிறகு அழுதேன். ஆகவே இந்தக் கடிதம் சிலிண்டரைப் பற்றியது என்று நினைத்துவிடாதே. சிலிண்டரும் வேண்டும், ஆனால் அது இரண்டாவது. முதலில் எனக்கு வேண்டியது உன் கால்.

நேற்று அதோடு நிறுத்திவிட்டேன். இன்று மழை, வெளியே போக வேலை இல்லை, எழுதலாம்.

உன் அப்பாவின் கதையில் கடைசிப் பகுதிதான் உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி, முதலில் விரலை வெட்டினார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே, பிறகு நாங்கள் பட்ட பாடு. தொடங்கிய விதம் உனக்குத் தெரியாது, நீ சின்னப் பிள்ளை. கொச்சிக்கடையில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் அவர் கிளார்க்காக இருந்தார். ஒரு நாள் பின்னேரம் பஸ்ஸில் வந்து இறங்கி, வீட்டு வாசலில் நின்று, "இஞ்சாரும், என்ர மற்றச் செருப்பைக் கண்டனீரோ?" என்று கேட்டார். ஒரு காலில் செருப்பு, மற்றக் கால் வெறுங்கால், ஊத்தை. பஸ்ஸுக்குள் கழன்றதோ, றோட்டில் கழன்றதோ, அவருக்குத் தெரியவில்லை. நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஞாபகமறதி என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தோம். வருகிற போகிற ஆட்கள் எல்லாம், "செருப்பு இருக்கோ அண்ணை?" என்று கேட்டுத்தான் கதையைத் தொடங்குவார்கள். மறதி மூளையில் இல்லை, காலில் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. பிறகொரு நாள் பார்த்தால், சப்பாத்துக்குள் ஒரு சின்ன ஆணி ஏறியிருந்தது. அதோடு அவர் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார்.

சீனி வருத்தம், நீரிழிவு என்று டாக்டர் சாப்பாட்டை மாற்றச் சொன்னார். மாற்றினோம், ஆனால் எங்கள் ஆட்கள் மாற்றுகிற மாதிரி மாற்றினோம். உனக்கும் எனக்கும் வெள்ளை அரிசிச் சோறு, கிழங்குப் பிரட்டல், பொரியல். அவருக்கென்று தனியாக ஒரு சின்னப் பானை, அதில் குரக்கன் மாப் பிட்டு, பக்கத்தில் ஒரு கீரை. அந்தப் பானைக்கு எங்கள் வீட்டில் "அப்பான்ர பானை" என்றே பேர். எந்த வீட்டில் சீனி வருத்தக்காரர் இருந்தாலும் அதுதான் முறை. கவனமாகப் பார்க்கிறோம் என்ற நினைப்பு. யாழ்ப்பாணத்தில் இருந்து ஆட்கள் வந்து இருந்தால் எல்லோருக்கும் சோறும் இறைச்சியும் போகும், வீட்டுக்காரருக்குப் பிட்டு போகும். உடனே ஒருவர், "ஐயோ பாவம், உங்களுக்கு இது எத்தினை வருசமா?" என்று தொடங்குவார். பிறகு அவரவர்க்குத் தெரிந்த மருந்து எல்லாம் மேசைக்கு வரும். பாகற்காய்ச் சாறு, வெந்தயத் தண்ணி, ஒருவர் ஏதோ மரப்பட்டை. உன் அப்பா தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவார்.

அவர் வேலைத்தலத்தில் ரோல்ஸும் கொத்துரொட்டியும் சாப்பிட்டுவிட்டு வருவது எனக்குத் தெரியும். சட்டையில் மணக்கும். வீட்டில் பிட்டைக் கிளறிக் கிளறி வைத்துவிட்டு எழும்பினால் எனக்கு எரிச்சல் வரும், வாய்க்கு ருசி கேட்கிறது என்று ஏசுவேன். இப்போது நினைக்கிறேன், ருசிக்காக அவர் போகவில்லை. நாலு பேர் தின்பதை நாலு பேரோடு இருந்து தின்னப் போனார். கொச்சிக்கடையில் அவரை ஒருவரும் வருத்தக்காரர் என்று பார்க்கவில்லை. அங்கே அவர் வெறும் ஒரு மனிசன், பசியில் வந்தவர்.

இதை ஏன் கிளறுகிறேன் என்றால், உனக்கு ஆறோ ஏழோ வயதில் நீ அவரின் மடியடியில் வந்து நின்று, "எனக்கும் அப்பான்ர பானையில இருந்து" என்று கேட்டாய். அவர் ஒரு வாய் உருட்டித் தரக் கையைத் தூக்கினார். நான் குசினிக்குள் இருந்து, "அது வருத்தக்காரர் சாப்பாடு, நீ சாப்பிடக் கூடாது" என்றேன். அவர் கையைக் கீழே வைத்துவிட்டார். நீயும் போய்விட்டாய். நல்ல குரக்கன், புதுத் தேங்காய்ப்பூ, அதில் உனக்கு என்ன வந்திருக்கும்? உனக்கும் அது நல்லதுதான், எனக்கும் நல்லதுதான். மூன்று பேருமே அந்தப் பானையில் சாப்பிட்டிருந்தால் அவர் வேறு எங்கேயும் போயிருக்க மாட்டார் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. நோய் நோய்தான். ஆனால் தனியாக இருந்து தின்றிருக்க மாட்டார்.

கை வலிக்கவில்லை, அலுப்பாக இருக்கிறது. மிச்சம் நாளைக்கு.

இனி என் கதை. அவர் போன பிறகு நான் மச்சத்தை, மீன் இறைச்சி முட்டை எல்லாவற்றையும், விட்டேன். விரதம் என்று ஒன்றும் எடுக்கவில்லை. அந்த மீன் சட்டியை அடுப்பில் வைக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். பார்த்த சனம், "பக்தியான மனிசி" என்றது, நானும் மறுக்கவில்லை. ஒருத்திக்காக என்ன சமைக்கிறது என்று இரவில் பாணும் வாழைப்பழமும், காலையில் தேத்தண்ணியும் பிஸ்கட்டும். நீ படிப்பு, வேலை, பிறகு கலியாணம், தெஹிவளையில் வீடு என்று போனாய். எனக்குச் சீனி வருத்தம் வந்தது, குளிசை தொடங்கினேன். பிறகு காலில் எறும்பு ஊர்வது, பாதம் எரிவது, பிறகு விரல் நுனிகள் மரத்தது. எல்லாவற்றையும் விட அந்த அலுப்பு. சீலை உடுக்கிறதற்கு நடுவில் இருந்து இளைப்பாறியிருக்கிறேன். வயது போனால் இப்படித்தான் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

கிளினிக்கில் இருந்த டாக்டர் பிள்ளை உன் வயதுதான் இருக்கும். இரத்தத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, சீனி ஒரு பக்கம். மற்றப் பக்கம் உங்கட உடம்பில விற்றமின் இல்லை. நரம்புக்கு அதுவும் வேணும். என்ன சாப்பிடுறீங்கள்?" என்று கேட்டா. நான் சொன்னேன். அவ பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. மச்சத்தை முழுக்க விட்டதும், பல வருசமாகப் போடுகிற குளிசையும் சேர்ந்து அந்த விற்றமினைக் குறைத்துவிட்டதாம். ஊசி போட்டார்கள். நான் ஆசையோடு, முருங்கையிலையும் வல்லாரையும் சாப்பிட்டால் நரம்பு திரும்பி வருமா என்று கேட்டேன். "செத்த நரம்பு முருங்கையிலைக்கு எழும்பாதம்மா. மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்துவம். ஊசியும் வேணும், குளிசையும் வேணும், ஒழுங்கான சாப்பாடும் வேணும். ஒண்டு இருக்கெண்டு மற்றதை விட ஏலாது" என்றா. எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்தது, ஏனென்றால் பொய் சொல்லவில்லை.

அன்று வீட்டுக்கு வரும் வழியில் கோயிலில் இறங்கிப் பிள்ளையாரிடம், இனி முட்டை சாப்பிடப்போகிறேன் என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை மீனையும் சொல்லிவிட்டேன். வெள்ளவத்தைச் சந்தையில் மீன்காரன் என்னைக் கண்டால் இப்போது தூரத்திலேயே, "ஹால்மெஸ்ஸோ ஹொந்தய், அம்மே" என்று கூப்பிடுவான், நெத்தலி நல்லதாம். நல்லது என்று அவன் சொல்லாத நாளே இல்லை, நான்தான் செவிளைத் தூக்கிப் பார்க்க வேண்டும். பக்கத்து ஃபிளாட் மிஸிஸ் என் பையைப் பார்த்து, "திரும்பத் தொடங்கிட்டீங்களோ?" என்றா. "டாக்டர் சொன்னவ" என்றேன். டாக்டர் என்று சொன்னால் எங்கள் சனம் பிள்ளையாரை விடக் கேட்கும்.

அப்போதிருந்து என் சமையல் ஒரு அலுத்த மனிசியின் சமையல். அதை நீ பார்த்ததில்லை, நீ வருகிற நேரம் எல்லாம் முடிந்திருக்கும். காலையில் தெம்பு இருக்கிற நேரத்தில் கௌபியோ கடலையோ அவிந்துவிடும், முதல் நாளே ஊறப்போட்டது. பிறகு கதிரையில் இருந்து, நியூஸைக் கேட்டுக்கொண்டு, கீரையை ஆய்வேன். ஆயும்போது விரல்களுக்கு வேலை, அதுவும் நல்லது என்று அந்த டாக்டர் பிள்ளை சொன்னா. ஒரு சுண்டு சிவப்பரிசி. ஒரு வறை, ஒரு பருப்பு அல்லது கௌபி, மீன் அல்லது முட்டை. சொதிக்கு முதற்பால் விடுவதில்லை, இரண்டாம் பாலோடு சரி. வெட்டுகிற வேலை எல்லாம் இருந்துகொண்டு, அடுப்பு வேலை மட்டும் நின்றுகொண்டு. இடையில் அலுத்தால் அடுப்பை அணைத்துவிட்டுப் படுப்பேன், எழும்பி மிச்சம். ஒரு சாப்பாடு செய்ய அரைநாள் போகும். அதில் எனக்குக் குறை இல்லை, அந்த அரைநாளில் எனக்கு வேறு என்ன இருக்கிறது?

சுகமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கால் இப்போதும் எரிகிறது, விரல் இப்போதும் மரம்தான், என் கட்டைப் பார்த்தாலே தெரியும். ஆனால் சீலையை ஒரே மூச்சில் உடுக்கிறேன். சந்தைக்குப் போய் வந்து படியில் இருக்காமல் ஏறியிருக்கிறேன். மத்தியானம் சாப்பிட்டபின் மயங்கிக் கிடப்பது நின்றிருந்தது. நின்றிருந்தது என்று எழுதுகிறேன் பார், ஏனென்றால் உன் கேரியர் வந்த பிறகு திரும்பி வந்துவிட்டது. வெள்ளைச் சோறு ஒரு மலை, எண்ணெயில் மிதக்கிற கிழங்கு, சோயா மீற், தண்ணீராய் ஒரு பருப்பு, ஒரு அப்பளம். கொண்டுவருகிற பொடியனில் பிழை இல்லை, கடைக்காரரிலும் இல்லை, விற்கிற விலைக்குத்தானே சமைக்கலாம். தின்றவுடன் கண் சொருகுகிறது. எழும்பும்போது பின்னேரம். விரலில் குத்திச் சீனியைப் பார்த்தேன், கூடியிருந்தது, உனக்குச் சொல்லவில்லை, நீ உன் காலைப் பற்றி எனக்குச் சொல்லாதது போல.

இப்போது உன்னிடம் வருகிறேன். ஓடாதே, இரு.

போன திருவிழாவில் தேருக்குப் பின்னால் நாங்கள் மூன்று பேரும் வந்தோம். நடு மத்தியானம், தார் றோட்டு கொதிக்கிறது, எல்லோரும் வெறுங்காலோடு. சனம் தண்ணீர் ஊற்றின இடம் தேடித் தேடித் துள்ளியது. உன் மனிசி சுஜனி என் கையைப் பிடித்துக்கொண்டு கால் மாற்றி மாற்றி நின்றாள். நான் செருப்போடு வந்தேன், டாக்டர் சொன்னபடியால், அதற்கும் இரண்டு பேர் முறைத்தார்கள். நீ மட்டும் நிழலில் நடப்பவன் மாதிரி அமைதியாக நடந்தாய். சுஜனி, "உங்களுக்கு மட்டும் கால் சுடாதோ?" என்று பகிடி பண்ணினாள். நீ சிரித்தாய். நான் பெருமைப்பட்டேன் ராசா. பிள்ளைக்கு என்ன பக்தி, என்ன பொறுமை என்று நினைத்தேன். அந்தப் படிக்கட்டில் துவாயோடு குனிந்தபோதுதான் அந்தத் தேர் எனக்கு ஞாபகம் வந்தது. உன் அப்பாவின் செருப்புக்குச் சிரித்தேன், உன் காலுக்குப் பெருமைப்பட்டேன். இரண்டு தரமும் கண் முன்னால் இருந்ததைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு மற்றவை எல்லாம் தானாக வந்து வரிசையில் நிற்கின்றன. வேலை முடிந்து வந்தால் வாசலில் சப்பாத்தைக் கழற்றுகிறாய், சொக்ஸைக் கழற்றுவதில்லை. முன்பு அப்படி இல்லை, வந்ததும் வராததுமாய் வெறுங்காலோடு குசினிக்குள் வந்து சட்டியைத் திறப்பாய். இப்போது செற்றியில் உட்கார்ந்ததும் காலை உள்ளே இழுத்துக்கொள்கிறாய். தண்ணீர்ப் போத்தலை ஒரே மூச்சில் குடிக்கிறாய். கதைத்துக்கொண்டிருக்கும்போதே கண் மூடுகிறாய், "வேலை கூட அம்மா" என்கிறாய். சிலிண்டர் எடுத்த சனிக்கிழமை மட்டும் செருப்போடு வந்தாய், அதனால்தான் பிடிபட்டாய். உனக்கு நோய் இருக்கிறது என்று நான் தீர்ப்பு எழுதவில்லை, அதை இரத்தம் பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லட்டும். ஆனால் உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். தெரியாதவன் காலை ஒளிக்க மாட்டான்.

ஏன் ஒளிக்கிறாய் என்பதும் எனக்கு விளங்குகிறது. உன் மேசையில் ஒரு சின்னப் பானை வரும் என்று பயப்படுகிறாய். சுஜனி பாவப்பட்டுப் பார்ப்பாள், மாமனார் வீட்டில் விருந்தில் உனக்கு மட்டும் வேறு தட்டு வரும், யாரோ ஒருவர் மரப்பட்டையோடு வருவார். அப்பாவின் கையைக் கீழே வைக்கச் சொன்ன வீட்டில் வளர்ந்த பிள்ளை நீ. அதனால் கோட்டையில் உன் வேலையிடத்தில் மத்தியானம் பார்சல், இரவில் இரண்டு பேரும் களைத்து வந்து போனில் அழுத்தி எடுக்கிற கொத்து. சுஜனியைக் குறை சொல்லவில்லை. அவளும் உன்னைப் போல விடிய வெளிக்கிட்டு இருட்டி வருகிறவள்தான். நேற்று எனக்குப் போன் பண்ணினாள்.

"மாமி, கேரியர் சாப்பாடு எப்பிடி?"

"இருக்கு, பிள்ளை."

"இவரும் சரியாச் சாப்பிடுறாரில்லை மாமி. எப்ப பார்த்தாலும் களைப்பு எண்டுறார். நீங்கள் ஒருக்காக் கேளுங்கோ."

வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். உன் உடம்பை உன் மனிசிக்கு நான் சொல்லக்கூடாது, நீதான் சொல்ல வேண்டும். ஆனால் அவள் இன்னொரு தரம் கேட்டால் எனக்கு அந்தத் தெம்பு இருக்குமா என்று தெரியாது. அலுத்த மனிசியிடம் இரகசியத்தை விட்டுவைக்காதே.

இன்றைக்கு முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கேட்பது இதுதான். வருகிற சனிக்கிழமை சிலிண்டரைக் கொண்டு வா. நீ தூக்க வேண்டாம், செக்யூரிட்டியிடம் சொல்லியிருக்கிறேன், அவன் தூக்கித் தருவான், லிப்டும் வேலை செய்கிறது. சுஜனியையும் கூட்டிக்கொண்டு வா. நீ என் கையைப் பற்றிப் பயந்தது சரி. அதில் உன்னோடு சண்டை இல்லை. கை தெரியாத மனிசி தனியாகக் கொதிக்கிற சட்டியை இறக்கக்கூடாது, அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுப்பை எடுத்துவிட்டால் கை வந்துவிடுமா? எனக்கு வேண்டியது சட்டியை இறக்க ஒரு ஆள். கோட்டையிலிருந்து தெஹிவளைக்குப் போகிற வழியில்தான் வெள்ளவத்தை இருக்கிறது. நீயோ அவளோ வேலை முடிந்து போகும்போது இடையில் இறங்குங்கள். கீரை ஆய்ந்திருக்கும், கடலை ஊறியிருக்கும், மீன் வெட்டிக் கழுவியிருக்கும். அடுப்பை மூட்டுவது, இறக்குவது, வடிப்பது எல்லாம் உங்கள் வேலை. சூட்டை நீ பார், உப்பை நான் பார்க்கிறேன். இங்கே இருந்து சாப்பிடுவோம், மிச்சத்தை மற்ற நாளுக்குக் கட்டிக்கொண்டு போங்கள். எல்லா நாளும் ஏலாதுதான். ஏலாத நாளில் கேரியர் வரட்டும், அதைத் தின்று நான் செத்துவிட மாட்டேன்.

ஒரே பானைதான். சிவப்பரிசி என்றால் மூன்று பேருக்கும் சிவப்பரிசி, குரக்கன் பிட்டு என்றால் மூன்று பேருக்கும் குரக்கன் பிட்டு. ஆட்கள் வந்தால் அவர்களுக்கும் அதுதான், பிடிக்காவிட்டால் அவர்கள் கொத்து எடுக்கட்டும். இந்த வீட்டில் இனி ஒருவருக்கென்று தனிப் பானை இல்லை. கலியாணத்துக்கு முதல் உனக்கு என்ன புத்தி சொல்லி அனுப்பினேன் என்று ஞாபகம் இல்லை, ஏதோ எல்லோரும் சொல்வதைத்தான் சொல்லியிருப்பேன். அதற்குப் பதிலாக இதை வைத்துக்கொள்.

திங்கள் கிளினிக் நாள். நான் எப்படியும் என் ஊசிக்குப் போக வேண்டும். இந்த முறை நீ என்னைக் கூட்டிக்கொண்டு போ என்று கேட்பேன், நீ மாட்டேன் என்று சொல்ல மாட்டாய். அந்த டாக்டர் பிள்ளைக்கு முன்னால் ஒரு கதிரைதான் வழக்கமாக இருக்கும். இரண்டாவதைக் கேட்டு வாங்குவேன். சாப்பாட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி நீ அந்தக் கதிரையைத் தட்டிக்கழித்தால், நான் சமைப்பதை நிறுத்திவிடுவேன். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

சனிக்கிழமை நீ வருகிற நேரத்துக்கு ஜன்னலடியில், வெளிச்சத்தில், கதிரையைப் போட்டு வைத்திருப்பேன். பக்கத்தில் ஒரு பேசினில் தண்ணீர் இருக்கும். சூட்டை சுஜனி கையை விட்டுப் பார்க்கட்டும், உன்னையும் என்னையும் அதில் நம்ப ஏலாது. வாசலில் சப்பாத்தைக் கழற்று, சொக்ஸையும் கழற்று. அவளுக்குச் சொல்ல வார்த்தை வராவிட்டால் பரவாயில்லை, காலை நீட்டு, அவள் பார்ப்பாள். என் விரல்களுக்கு ஒன்றும் தெரியாது ராசா, ஆனால் உன் கால் என் கையில் இருப்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்வேன்.

அதற்குப் பிறகுதான் சோறு.

அம்மா